இரண்டு பலிபீடங்கள், ஒரே தெரு: கத்தோலிக்க – ஆர்த்தடாக்ஸ் உரையாடலின் சிக்கல்கள்

 

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எந்தப் பொருளை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, கத்தோலிக்கத் திருச்சபைக்கும் ஆர்த்தடாக்ஸ் சபைக்கும் இடையே நடக்கும் உரையாடலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அது உரோமையிலும் கோட்டயத்திலும் பேச வேண்டிய விஷயம் ஆயிற்றே, அம்பத்தூரில் யாருக்கு வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன். உரோமையும், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமையிடமான கோட்டயமும் பேச வேண்டியதில் கடினமான பகுதியைப் பேசி முடித்துவிட்டன. கிறிஸ்து யார் என்பதில் இரு சபைகளின் விசுவாசமும் ஒன்றே என்று 1990-இலேயே எழுதி வெளியிட்டாயிற்று. தீராமல் கிடப்பவை கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், ஒரே பலிபீடத்தில் நற்கருணை. இவை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குள் இருக்கிற விஷயங்கள். மேலே எட்டிய உடன்பாடு கீழே வந்து சேரவில்லை என்பதே என் கவலை.

நம் பகுதி எப்படி வளர்ந்தது என்பது இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1955-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரியும் வயலுமாக இருந்த இடம் ஒரு தலைமுறைக்குள் ஷிப்டு சங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கும் ஊராயிற்று. டர்னர், ஃபிட்டர், டைப்பிஸ்ட், நர்ஸ் வேலைகளுக்குத் தெற்கு மாவட்டங்களிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கர்கள் வந்தார்கள். திருவல்லா, கோட்டயம், பத்தனம்திட்டா பக்கத்திலிருந்து மலையாளக் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு வேறு கோவிலுக்குப் போனார்கள்.

அந்த மலையாளக் கிறிஸ்தவர்களை நாம் 'கேரளா கோவில்காரர்கள்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அவர்களுக்குள் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் இருக்கிறார்கள், யாக்கோபாயர் இருக்கிறார்கள், மார்த்தோமா சபையார் இருக்கிறார்கள். சீரோ மலபார், சீரோ மலங்கரை என்ற இரு பிரிவினர் நம்மைப் போலவே திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கும் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சபை என்று தெரியாமல் முப்பது ஆண்டுகள் பழகிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நட்புக்கு அது தடையாக இருக்கவில்லை. ஆனால் அந்த இரு வீட்டுப் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் நாளில்தான் முதன்முறையாகப் பதினைந்து நூற்றாண்டு வரலாறு வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஆர்த்தடாக்ஸ் என்றதும் பலரும் கிரேக்கத்தையும் ரஷ்யாவையும் நினைக்கிறார்கள். அவர்கள் 1054-ஐ ஒட்டி உரோமையிலிருந்து பிரிந்தவர்கள். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. 325-இல் கூடிய நிசேயா, 381-இன் கான்ஸ்டாண்டிநோபிள், 431-இன் எபேசு ஆகிய மூன்று பொதுச்சங்கங்களை மட்டும் ஏற்று, 451-இன் கால்செதோன் சங்கத்தை ஏற்காத கீழைச் சபைகளின் குடும்பம் அது. எகிப்தின் கோப்தியர், எத்தியோப்பியர், அர்மேனியர், சிரியர் எல்லாரும் அந்தக் குடும்பத்தார். சென்னைக்கு இந்தக் குடும்பம் புதிதன்று. பாரிமுனையில் 1772-இல் எழுந்த அர்மேனியக் கோவில் இன்றும் நிற்கிறது. பரங்கிமலைக்குப் படி கட்டியவரும், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். போர்த்துக்கீசியர் எடுத்துக் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகும் பாதைக்கு ஓர் அர்மேனியர் தம் செல்வத்தைக் கொடுத்தார். அந்தப் படிகளில் இன்றும் எல்லாச் சபையாரும் ஏறுகிறார்கள்.

பிரிவின் கதையிலும் சென்னைக்கு இடம் உண்டு. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் பாரசீகத்துச் சபையோடு உறவு வைத்திருந்தவர்கள். பரங்கிமலையில் 1547-இல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பஹ்லவி எழுத்துச் சிலுவை அந்த உறவுக்குச் சாட்சி. 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அந்த உறவை அறுத்து, சிரிய வழிபாட்டை இலத்தீன் முறைக்கு இழுத்தது. பழைய ஏடுகள் எரிக்கப்பட்டன. அரை நூற்றாண்டு மனக்குறை உள்ளே புகைந்துகொண்டிருந்தது. 1652 ஆகஸ்டில் அகத்தல்லா என்ற சிரிய ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். இயேசு சபையார் அவரைக் காவலில் வைத்தார்கள். அப்போது கேரளத்திலிருந்து தோமாவின் கல்லறைக்குத் திருயாத்திரை வந்திருந்த இரு திருத்தொண்டர்கள் அவரைச் சந்தித்து, அவர் கொடுத்த கடிதத்தைத் தம் மக்களிடம் கொண்டுபோனார்கள். அவரை ஏற்றிக்கொண்டு கோவா சென்ற கப்பல் கொச்சியில் நின்றபோது பார்க்க அனுமதி கேட்டு மக்கள் திரண்டார்கள். கிடைக்கவில்லை. அவரைக் கடலில் அமிழ்த்திவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில், இயேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்ற கூனன் சிலுவை உறுதிமொழி எடுக்கப்பட்டது. அகத்தல்லா கொல்லப்படவில்லை, ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு பாரிஸில் இறந்தார் என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். ஆனால் ஒரு மக்கள் தங்கள் ஆயரைப் பார்க்கக் கேட்டபோது மறுக்கப்பட்டது உண்மை. மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் வாரிசுகளாகிய நாம் இந்த நிகழ்ச்சியை நம் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோட்டயத்துப் பிள்ளைகள் அதை அறிந்தே வளர்கிறார்கள்.

உறுதிமொழி எடுத்தவர்களில் பெரும்பகுதியினரைக் கார்மேல் சபைக் குருக்கள் சில ஆண்டுகளில் உரோமையின் பக்கம் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழியினரே சீரோ மலபார் கத்தோலிக்கர். மற்றவர்கள் 1665-இல் எருசலேமிலிருந்து வந்த மார் கிரகோரியோஸ் வழியாக அந்தியோக்கியாவின் சிரிய ஆர்த்தடாக்ஸ் சபையோடு உறவு கொண்டார்கள்.

இனி இறையியலுக்கு வருகிறேன். சிக்கல் அங்கேதான் என்று பலரும் நினைப்பதால் அதை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். கால்செதோன் சங்கம் கிறிஸ்துவில் இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டும் உண்டு என்று வரையறுத்தது. இப்படிச் சொன்னால் கிறிஸ்துவை இரண்டாக வெட்டுவதாகும் என்று அலெக்சாந்திரியா மரபினர் அஞ்சினார்கள். இணைந்த ஒரே இயல்பு என்று அவர்கள் சொன்னபோது, மனிதத்தன்மையே கரைந்துபோகிறது என்று உரோமை அஞ்சியது. இரு தரப்பும் எதிர்த் தரப்பின் அச்சத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

கேட்க வைத்தவர்களில் இரண்டு மலங்கரைக் குருக்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். ஒருவர் வி.சி. சாமுவேல். கால்செதோனை மறு ஆய்வு செய்து அவர் எழுதிய பெரிய நூல் 1977-இல் இதே சென்னையில், கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. மற்றவர் பால் வர்கீஸ், பின்னாளில் டில்லி ஆயர் பவுலோஸ் மார் கிரகோரியோஸ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பார்வையாளராக உட்கார்ந்தவர், 1983-இலிருந்து உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் தலைவர்களுள் ஒருவர். 1971-இல் வியன்னாவில் 'ப்ரோ ஓரியந்தே' நிறுவனம் நடத்திய முதல் கூட்டத்தில் இருவரும் கத்தோலிக்க அறிஞர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அங்கே உருவான கருத்தே பின்னால் 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்திய முதுபெரும் தந்தை மூன்றாம் ஷெனூதாவும் வெளியிட்ட கூட்டு அறிக்கைக்கு வழி செய்தது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையோடு கூட்டு ஆணையம் 1989 அக்டோபரில் கோட்டயத்தில் முதன்முறையாகக் கூடியது. எட்டு மாதங்களில், 1990 ஜூன் 3 பெந்தெகொஸ்தே திருநாளில், கிறிஸ்துவைப் பற்றிய உடன்பாடு வெளியாயிற்று. கிறிஸ்து முழுமையான இறைவன், முழுமையான மனிதன். இரண்டும் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் ஒன்றித்திருக்கின்றன. சொல்லும் முறையில் வேறுபாடு இருக்கலாம், விசுவாசம் ஒன்று. சாரம் இவ்வளவுதான். 451-இல் எழுந்த வழக்கு தீர்ந்துவிட்டது. தூய ஆவி தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, மகனிடமிருந்துமா என்ற கேள்வி இன்னும் மேசையில் இருக்கிறது. ஆயினும் அது குடும்பங்களைப் பிரிக்கும் கேள்வியாக நம் நாட்டில் இருந்ததில்லை.

மேற்காசியாவில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே வீட்டில் கணவன் ஒரு வாரம், மனைவி இன்னொரு வாரம் என்று ஈஸ்டர் கொண்டாட வேண்டியிருக்கும். இங்கே மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் கிரிகோரியன் நாட்காட்டியையே பின்பற்றுவதால் பெரிய வெள்ளி ஆவடியில் எல்லாருக்கும் ஒரே நாள்.

அப்படியானால் எது தடுக்கிறது? என் கணிப்பில் முதலாவது, ஒருவர் கொண்டாடுவதே மற்றவருக்குக் காயமாக இருக்கும் நினைவு. இதை இரண்டு மனிதர்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாமவர் மார் இவானியோஸ். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. படித்தவர். மலங்கரைச் சபையில் 'எம்.ஏ. அச்சன்' என்றே அவரை அழைத்தார்கள். 1919-இல் பெத்தானி ஆசிரமத்தைத் தொடங்கி, ஆர்த்தடாக்ஸ் சபைக்குத் துறவு வாழ்வைக் கொடுத்தவர். சபைக்குள் அந்தியோக்கியா கட்சி, கத்தோலிக்கோஸ் (உள்நாட்டுச் சபைத் தலைவர்) கட்சி என்று நடந்த வழக்குகளைப் பார்த்து மனம் வெதும்பி, 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லம் ஆயர் பென்சிகர் முன்னிலையில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். அவரோடு இணைந்தவர்கள் நால்வர். அதிலிருந்து வளர்ந்தது சீரோ மலங்கரைத் திருச்சபை. குமரி மாவட்டத்துத் தமிழர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 1996-இல் மார்த்தாண்டம் மறைமாவட்டம் உருவானது. 2024 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் மார் இவானியோஸை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். நமக்கு மகிழ்ச்சி. ஆர்த்தடாக்ஸ் வீட்டில் இந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? தங்கள் சபை ஊட்டி வளர்த்த மகன் ஆயராகிய பின் வீட்டை விட்டுப் போனான், போன இடம் அவனைப் புனிதனாக்கப் போகிறது என்று கேட்டிருக்கும்.

இரண்டாமவர் அல்வாரிஸ் மார் யூலியோஸ். கோவாக்காரர், கத்தோலிக்கக் குரு. போர்த்துக்கீசிய மன்னரின் பத்ரவாதோ உரிமைக்கும் உரோமையின் நேரடி ஆட்சிக்கும் நடந்த இழுபறியில் மனம் முறிந்து, 1889-இல் கோட்டயத்தில் ஆர்த்தடாக்ஸ் ஆயராகத் திருநிலை பெற்றார். கோவா, கர்நாடகத்தின் பிரம்மாவர், இலங்கை ஆகிய இடங்களில் கத்தோலிக்கர்கள் அவர் பின்னால் போனார்கள். பிரம்மாவரில் கொங்கணி பேசும் ஆர்த்தடாக்ஸ் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். தம் சொந்த ஊர்க்காரர்களாலேயே சபை விலக்கானவராகப் பார்க்கப்பட்டு, நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்து 1923-இல் கோவாவில் இறந்தார். 2015-இல் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. கத்தோலிக்க நூல்களில் அவர் பெயர் வந்தால் பிளவுக்காரர் என்ற வரிசையில்தான் வரும்.

இந்த இருவரின் நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. இருவரும் தம் மனச்சாட்சிக்கு விலை கொடுத்தவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மார் இவானியோஸைப் பற்றி நாம் பேசும்போது 'திரும்பி வந்தார்' என்கிறோம். எங்கிருந்து, எதற்கு என்று கேட்டால், ஆர்த்தடாக்ஸ் சபை ஒரு முழுமையற்ற சபை என்ற கருத்து அதற்குள் ஒளிந்திருக்கிறது. கிரேக்க மரபு ஆர்த்தடாக்ஸ் சபைகளோடு 1993-இல் லெபனானின் பாலமந்தில் செய்த உடன்பாட்டில், மக்களைப் பகுதி பகுதியாகத் தன் பக்கம் இழுப்பது இனி ஒற்றுமைக்கான வழியாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையே ஏற்றுக்கொண்டது. அதே ஆவணம் ஏற்கெனவே இணைந்துவிட்ட மக்களுக்குத் தங்கள் வழிபாட்டோடும் ஆயர்களோடும் வாழும் உரிமை உண்டென்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது கடினம். ஆனாலும் வேறு வழி இல்லை. மார் இவானியோஸுக்குத் திருநாள் எடுக்கும் கத்தோலிக்கரும் மார் யூலியோஸுக்கு விளக்கேற்றும் ஆர்த்தடாக்ஸும் ஒருவர் முன் ஒருவர் உட்கார்ந்து இந்த இரு வாழ்க்கைகளையும் சேர்த்துப் படிக்கும் வரை, அறிக்கைகள் அறிக்கைகளாகவே இருக்கும்.

அடுத்தது அதிகாரம். உரோமை ஆயரின் முதன்மை என்பது ஆர்த்தடாக்ஸ் உலகம் முழுவதும் இடறுகிற இடம். 1870-இன் முதல் வத்திக்கான் சங்கம் சொன்ன உலகளாவிய நேரடி ஆட்சியுரிமையை அவர்கள் ஏற்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் எழுதிய சுற்றுமடலில், தம் பணியை எப்படி ஆற்றினால் எல்லாரும் ஏற்க முடியும் என்று பிற சபைகளிடமே யோசனை கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து வத்திக்கான் 2024 ஜூனில் ஓர் ஆய்வு ஆவணம் வெளியிட்டது. இதெல்லாம் நல்லதே. ஆனால் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியன்று. 1912-இல் நிரணத்தில் சொந்தக் கத்தோலிக்கோஸை நியமித்துக்கொண்டதிலிருந்து, 1934-இல் சொந்தச் சட்டம் இயற்றியதிலிருந்து, 2017 ஜூலை 3 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை, வெளிநாட்டில் இருக்கும் ஒரு முதுபெரும் தந்தைக்கு எங்கள் கோவில் நிர்வாகத்தில் அதிகாரம் உண்டா என்பதைத்தான் ஒரு நூற்றாண்டாக வழக்காடி வந்திருக்கிறார்கள். அந்தியோக்கியாவுக்கே அடங்க மறுத்த ஒரு சபை உரோமையின் அதிகாரத்தைப் பற்றிக் கேட்கும்போது எந்தக் காதோடு கேட்கும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 'தோமாவின் அரியணை' என்பது அவர்களுக்குத் தன்மானத்தின் பெயர்.

உரோமை தன்னோடு இணைந்த கீழைத் திருச்சபைகளை எப்படி நடத்துகிறது என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். அதற்கு நம் பகுதியே உதாரணம். கேரளத்துக்கு வெளியே குடியேறிய சீரோ மலபார் குடும்பங்கள் நீண்ட காலம் இலத்தீன் ஆயரின் பொறுப்பிலேயே இருந்தன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழ்ந்தவர்களின் நிலையும் அதுவே. 2017 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஓசூர் மறைமாவட்டத்தை ஏற்படுத்தி சென்னைப் பகுதியையும் அதில் சேர்த்த பிறகுதான் அவர்களுக்குத் தங்கள் மரபு ஆயர் கிடைத்தார். அப்போது நம் இலத்தீன் பங்குகளில் 'நம்மவர்கள் பிரிந்து போகிறார்களே' என்ற முணுமுணுப்பு எழுந்தது. எண்ணிக்கையும் காணிக்கையும் குறையும் என்ற அச்சம் அதில் இருந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. சொந்த வீட்டுக் கீழை மரபினருக்கே இடம் விட மனம் வராத நாம், ஒன்றிப்புக்குப் பிறகு உங்கள் மரபு பாதுகாப்பாக இருக்கும் என்று ஆர்த்தடாக்ஸ் சபைக்கு எப்படி உறுதி சொல்ல முடியும்?

உரோமைக்கு இங்கே இன்னொரு சிரமமும் உண்டு. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரும், அந்தியோக்கியாவின் பக்கம் நின்ற யாக்கோபாயரும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். ஆகவே இருவரோடும் தனித்தனி ஆணையம் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. எல்லாக் கீழைச் சபைகளோடும் சேர்ந்து பேசும் பன்னாட்டு ஆணையம் 2004-இல் கெய்ரோவில் தொடங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, ஒரே பாலினத்தவர் இணைகளுக்கு ஆசீர் பற்றி உரோமை வெளியிட்ட ஆவணத்தைக் காரணம் காட்டி, 2024 மார்ச்சில் கோப்தியத் திருச்சபை உரையாடலை நிறுத்திவைத்தது. ஒரு சபையின் உள்முடிவு இன்னொரு சபையின் வாசலை மூடிவிடும் அளவுக்கு இந்த உறவு மெல்லியதாக இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

தமிழ்க் கத்தோலிக்கப் பெண், ஆர்த்தடாக்ஸ் பையன், இருவரும் ஒரே அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கச் சட்டப்படி இந்தத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். பெண் தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் குருவின் முன் நடக்கும் திருமணத்தையும் செல்லுபடியாகும் திருவருட்சாதனமாகவே நம் திருச்சபை மதிக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பதிவுத் திருமணத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். மறுபக்கம் ஆர்த்தடாக்ஸ் வழக்கத்தில், மணமகள் கணவனின் சபையில் சேர்ந்துவிட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. மந்திரகோடி என்ற மணப்புடவையிலிருந்து உருவிய நூலில் மின்னு என்ற தாலியைக் கோத்துக் கட்டும் முன் அவள் எந்தச் சபை என்பது தீர்ந்திருக்க வேண்டும். இங்கே அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள், அங்கே அவளைச் சேரச் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தலையில் இரண்டு திருச்சபைகளும் தங்கள் தீராத கணக்கை ஏற்றிவைக்கின்றன.

குழந்தை பிறந்த பிறகு அடுத்தது. ஆர்த்தடாக்ஸ் முறையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானமும் மூரோன் (திருத்தைலம்) பூசுதலும் நற்கருணையும் ஒருசேரக் கொடுக்கிறார்கள். இலத்தீன் முறையில் புதுநன்மைக்குப் பிள்ளை பள்ளிக்கூட வயது வரை காத்திருக்கும், உறுதிபூசுதல் அதற்கும் பின்னால். ஐந்து வயதுப் பேரன் அப்பாவின் கோவிலில் நற்கருணை வாங்குகிறான், பாட்டியின் கோவிலில் வரிசையில் நின்றால் தலையில் ஆசீர் மட்டும். 'எனக்கு மட்டும் ஏன் இல்லை?' என்று அவன் கேட்டால் பாட்டி என்ன சொல்வார்?

பெரியவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. ஆர்த்தடாக்ஸ் ஒருவர் தாமாகவே கேட்டு, தகுந்த மனநிலையோடு வந்தால் அவருக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று நம் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை தன் மக்களை அப்படி வாங்க அனுமதிப்பதில்லை, தன் குர்பானாவில் (திருப்பலியில்) கத்தோலிக்கருக்குக் கொடுப்பதும் இல்லை. இதைக் குறுகிய மனம் என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நற்கருணை என்பது எட்டிய ஒற்றுமையின் முத்திரை, ஒற்றுமை வரும் முன் அதைப் பகிர்ந்துகொள்வது பொய் சொல்வதாகும் என்பது அவர்களின் கொள்கை. நாமும் சீர்திருத்த சபையாரிடம் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மதிக்க வேண்டிய கொள்கைதான். ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் இறையியலார் அல்லர், கலப்புக் குடும்பத்தார்.

என் அக்காள் மகள் கல்யாணம் செய்துகொண்டது ஓர் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில்தான். அவர்கள் வீட்டுச் சுவரில் பருமல திருமேனி படமும் புனித தேவசகாயம் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பருமல மார் கிரகோரியோஸை 1947-இல் அவர்கள் சபை புனிதர் என்று அறிவித்தது, தேவசகாயத்தை 2022-இல் நம் திருச்சபை அறிவித்தது. ஒவ்வொரு சபையின் பட்டியலிலும் மற்றவர் இல்லை. அந்த வீட்டில் மாலை ஜெபத்தின்போது இருவரிடமும் வேண்டிக்கொள்கிறார்கள். நான் படித்த எந்த ஆவணத்தையும் விட அந்தச் சுவர் எனக்கு அதிகம் கற்றுத்தந்திருக்கிறது.

இந்தக் குடும்பங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 1984-இல் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை சக்கா இவாஸும் வெளியிட்ட கூட்டு அறிக்கை, தங்கள் குருவை அணுக முடியாத இடத்தில் மற்ற சபைக் குருவிடம் ஒப்புரவு, நற்கருணை, நோயில்பூசுதல் பெறலாம் என்று அனுமதித்தது. அதை அடியொற்றி, கேரளத்து யாக்கோபாய சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1994 ஜனவரியில் திருமண உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி இருவரும் தத்தம் சபையிலேயே தொடரலாம், யாரும் யாரையும் மாறச் சொல்லக் கூடாது. எந்தக் கோவிலில் கல்யாணம் என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம். கல்யாண நாளிலும், குடும்பமாகச் சேர்ந்து பங்கேற்க வேண்டிய சிறப்பு நாட்களிலும், ஒரே நற்கருணையில் பங்குபெறலாம். இரு கிறிஸ்தவ சபைகள் இவ்வளவு தெளிவாகக் குடும்பங்களுக்காக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் உலகில் மிக அரிது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையோடு நமக்கு அப்படி ஓர் உடன்பாடு இன்று வரை இல்லை. கிறிஸ்துவைப் பற்றி உடன்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் இல்லை.

தலைவர்களின் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த ஆறாம் பவுலைக் கத்தோலிக்கோஸ் முதலாம் ஔகேன் சந்தித்தார். 1986 பிப்ரவரியில் இரண்டாம் யோவான் பவுல் கோட்டயத்தில் கத்தோலிக்கோஸ் முதலாம் மாத்யூஸைப் பார்க்க மார் ஏலியா பேராலயத்துக்கே போனார். 2013-இல் கத்தோலிக்கோஸ் இரண்டாம் பவுலோஸும், 2023 செப்டம்பரில் மூன்றாம் மாத்யூஸும் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தார்கள். 2025 நவம்பர் 28 அன்று, நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டில், அதே இடத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோவும் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் சேர்ந்து ஜெபித்தார்கள். படங்கள் நம் கைப்பேசிகளுக்கு வந்தன. அதே வாரம் நம் தெருவில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் அச்சனை நம் பங்குத்தந்தை சந்தித்தாரா? அவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

மொழியையும் சொல்ல வேண்டும். நம் பகுதி ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் இப்போது மூன்றாம் தலைமுறை. பள்ளியிலும் விளையாட்டிலும் தமிழ், வேலையில் ஆங்கிலம், மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. குர்பானாவோ மலையாளத்திலும் இடையிடையே சிரிய மொழியிலும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் நண்பர்களோடு தமிழ்த் திருப்பலிக்கு வந்து உட்காருகிறார்கள். நம் பங்கில் ஆள் சேர்ந்தது என்று இதில் மகிழ ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் மரபையே தமிழில் பெற வேண்டும். மார்த்தாண்டத்தில் அந்தியோக்கிய வழிபாடு தமிழில் நடந்துவருகிறது. அது 1930-இன் கிளை என்பதால் ஆர்த்தடாக்ஸ் சபையார் அதை எடுத்துக்கொள்ளத் தயங்கலாம், அந்தத் தயக்கத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சிரியத் திருவழிபாடு தமிழ் நாவில் இயல்பாக ஒலிக்கும் என்பதற்கு அது சான்று.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. 1936 முதல் பூந்தமல்லியில் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி இயங்குகிறது, தமிழகத்துக்குக் குருக்களைப் பயிற்றுவிக்கிறது. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் குருப்பட்டத்துக்கு முன் ஒரு தவக்காலமாவது பக்கத்து ஆர்த்தடாக்ஸ் கோவிலின் குர்பானாவில் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். கல்யாண மேசையில் எதிரே உட்காரப்போகும் பையனின் விசுவாசம் அவர்களுக்குக் கண்ணால் தெரிந்திருக்கும். ஜனவரி 18 முதல் 25 வரையான ஒன்றிப்பு வாரத்தில் அழைப்பிதழ் அனுப்புவதோடு நிறுத்தாமல், நம் பங்குப் பேரவையார் நேரில் போய் அழைக்கட்டும். அதை விட முக்கியமாக, யாக்கோபாயரோடு 1994-இல் செய்ததைப் போன்ற திருமண உடன்பாடு மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையோடும் வேண்டும் என்று இரு தரப்புக் கலப்புக் குடும்பங்களும் சேர்ந்து தங்கள் ஆயர்களுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். பேராயருக்கு ஒரு பிரதி, ஆர்த்தடாக்ஸ் சென்னை ஆயருக்கு ஒரு பிரதி. வரைவை எழுதித் தருகிறேன். அப்படிப்பட்ட குடும்பம் உங்களுடையதாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வந்து பெயர் கொடுங்கள்.